பெருந்தொற்றும் பிரிண்டர் ரிப்பேரும் ஒரே மார்க்கா? ரிஸ்க் ஷீட் குழப்பம்

பச்சைக்கட்டம்:
ஆபீஸ்ல பேரிடர், பெருந்தொற்றுக்கெல்லாம் நாம எவ்ளோ ரெடியா இருக்கோம்னு அசெஸ் பண்ணி தரச் சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. நடக்க வாய்ப்பு எவ்ளோ, பாதிப்பு எவ்ளோன்னு ரெண்டுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட்டு பெருக்கணுமாம். பெருந்தொற்று 1x5, பிரிண்டர் ரிப்பேர் 5x1, ரெண்டுமே 5 வந்து ஆபத்து கம்மின்னு அர்த்தம் வர்ற ஒரே பச்சைக் கட்டத்துல உக்காந்திருக்கு. இது சரியா?

மேசைப்பயிற்சி:
பெருக்கல் சரி, கேள்விதான் தப்பு 😀 முதல்ல எந்த ஆபத்துன்னு பாக்காதீங்க, எந்த வேலை நின்னா எத்தனை நாள் தாங்கும்னு பாருங்க. சம்பளம் போடுறது, கஸ்டமர் போன் எடுக்குறது, சர்வர், இப்படி ஒவ்வொண்ணா. நெருக்கடிலயும் தொழில் நிக்காம நடக்குறதுக்கான சர்வதேச தரநிலை ஐஎஸ்ஓ 22301ல பிஐஏ (பிசினஸ் இம்பாக்ட் அனாலிசிஸ்)ன்னு சொல்றது இதத்தான். அப்புறம் கட்டடம் இல்லன்னா, ஆள் இல்லன்னா, சிஸ்டம் இல்லன்னா, சப்ளையர் இல்லன்னா என்ன ஆகும்னு ஒவ்வொரு வேலைக்கும் கேளுங்க. தீயா வெள்ளமாங்கறது ரெண்டாம்பட்சம்.

மாற்றுக்கருத்து:
ரெண்டாம்பட்சம்னு விட முடியாதுங்க. வெள்ளம் வந்தா வேற ஊர் கிளைல போய் உக்காந்து வேலை பாக்கலாம், பெருந்தொற்றுல கட்டடம் அப்படியே இருக்கும் ஆள்தான் இருக்காது, அந்தக் கிளைக்கும் அதே கதி, சப்ளையருக்கும் அதே கதி, அதனால யாருகிட்டயும் ஆள் கடன் வாங்க முடியாது. கொரோனாவுக்கு டபிள்யூஎச்ஓ 2020 ஜனவரி 30ல எமர்ஜென்சி அறிவிச்சு 2023 மே 5லதான் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க, ரெண்டு வாரம் வீட்ல இருந்து வேலைங்கற பிளான் எந்த மூலைக்கு? இன்னொண்ணு, பேக்கப் இருக்கான்னு மட்டும் டிக் அடிக்காதீங்க, எங்க இருக்குன்னும் பாருங்க. 2011ல ஜப்பான்ல ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல நிலநடுக்கத்தால கரன்ட் போனதும் டீசல் ஜெனரேட்டர் ஓடத்தான் செஞ்சுது, ஆனா பெரும்பாலானது அடித்தளத்துல இருந்ததால சுனாமி தண்ணி வந்ததும் முடிஞ்சுது.

பச்சைக்கட்டம்:
அப்போ ஒரு செக்லிஸ்ட் போட்டு நூத்துக்கு இத்தனைன்னு காமிச்சா மேனேஜ்மென்ட் ஒத்துக்குமா?

மேசைப்பயிற்சி:
ஒத்துக்கும், அதான் பயமே. எந்த நாடு பெருந்தொற்றுக்கு எவ்ளோ ரெடின்னு மார்க் போட்டு 2019 அக்டோபர்ல வந்த குளோபல் ஹெல்த் செக்யூரிட்டி இன்டெக்ஸ்ல 195 நாட்டுல அமெரிக்கா முதலிடம், பிரிட்டன் ரெண்டாமிடம். அடுத்து கொரோனா வந்து என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு நாட்டுலயும் லட்சக்கணக்குல சாவு. வசதி இருக்கான்னு மார்க் போடலாம், நெருக்கடில யாரு முடிவெடுப்பா, அத மத்தவங்க கேப்பாங்களாங்கறதுக்கு மார்க் போடுறது கஷ்டம். அதனால அரை நாள் டேபிள்டாப் வைங்க, அதாவது நெருக்கடி வந்த மாதிரி வெச்சுக்கிட்டு மேசைய சுத்தி உக்காந்து யாரு என்ன பண்ணுவாங்கன்னு பேசிப் பாக்குற பயிற்சி, நடுவுல முக்கியமான ஒருத்தர வெளிய அனுப்பிட்டு "இவர் இன்னும் மூணு வாரம் வரமாட்டார்"னு சொல்லுங்க, ஓட்டையெல்லாம் தானா வெளிய வரும்.

பச்சைக்கட்டம்:
பேமென்ட் அப்ரூவல் பாஸ்வேர்டு எங்க ஃபைனான்ஸ் சார்கிட்ட மட்டும்தான் இருக்கு, அவரத்தான் முதல்ல வெளிய அனுப்பணும். "என்ன, வேலைய விட்டு தூக்குறீங்களா"ன்னு கேப்பாரு, அதுக்கு ஒரு பதில் யோசிச்சு வெக்கிறேன்.