உக்ரேஷிச்சின் நாவல்: புனைவா, தன்வரலாறா?

நூலகத்தூசி:
குரோஷிய எழுத்தாளர் துப்ராவ்கா உக்ரேஷிச்சின் ‘நிபந்தனையற்ற சரணடைதலின் அருங்காட்சியகம்’ நாவலை இரண்டாம் முறை படித்து முடித்தேன். வாசிப்புக் குழுவில் பேச ஒப்புக்கொண்டுவிட்டு இப்போது விழிக்கிறேன். 1961இல் பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த ரோலண்ட் என்ற வால்ரஸின் (தந்தமுள்ள பெரிய கடல் விலங்கு) வயிற்றில் கிடைத்த பொருள்களோடு நூல் தொடங்குகிறது: லைட்டர், ஐஸ் குச்சிகள், பெண்ணின் வளையல், பொம்மைத் தண்ணீர்த் துப்பாக்கி. பிறகு அம்மாவின் தோல்பையில் திணித்த புகைப்படங்கள், அம்மாவின் நாட்குறிப்பு, பெர்லினில் அலையும் அகதிகள். கதைசொல்லியின் அம்மா பல்கேரியாவிலிருந்து வந்தவர். ஆசிரியையின் அம்மாவும் அப்படித்தான். “இது நாவலே அல்ல, டைரியைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்” என்றார் குழு நண்பர். எனக்கு வாய் எழவில்லை. என்ன பதில் சொல்லலாம்?

மறுவாசிப்பு:
முன்குறிப்பைத் தாண்டிப் போய்விட்டீர்களா? இந்த நாவல் தன்வரலாறா என்ற கேள்வி என்றாவது போலீசாருக்கு முக்கியமாகலாம், வாசகருக்கு அல்ல என்கிறார் உக்ரேஷிச் அதில். வெறும் குறும்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1992 டிசம்பரில் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபின் ‘குளோபுஸ்’ வார இதழ், இவரையும் எழுத்தாளர் ஸ்லாவெங்கா த்ராகுலிச் உள்ளிட்ட வேறு நான்கு பெண்களையும் நாட்டுக்குத் துரோகம் செய்தவர்களாகச் சித்திரித்தது. ‘சூனியக்காரிகள்’ என்ற பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. கட்டுரையோடு ஓர் அட்டவணையும் வந்தது: பிறந்த நாள், இனம், மணவாழ்வு, பிள்ளைகள் என்று கட்டம் கட்டமாக. அடுத்த ஆண்டே உக்ரேஷிச் நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவருக்கு முன்பே யாரோ எழுதிவிட்டார்கள், ஐயா. எந்தக் கட்டத்திலும் அடங்காத துண்டுகளாக அவர் எழுதியதில் வியப்பென்ன?

கரைமணல்:
எல்லாவற்றையும் யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இன்னொரு குரோஷிய எழுத்தாளர் இரேனா வர்க்லியன் தன் வாழ்க்கையைச் சொல்லும் ‘பட்டு, கத்தரிக்கோல்’ எழுதியது போருக்கு முன்பே, 1984இல். ‘மரீனா’ நூலில் ரஷ்யக் கவிஞர் ஸ்வெதாயெவாவின் வாழ்க்கைக்குள் தன் வாழ்க்கையைப் பின்னினார். த்ராகுலிச் தன் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை 1987இலேயே நாவலாக்கினார். துண்டு துண்டாக எழுதுவது அங்கே பெண்கள் ஏற்கெனவே பழகிய கைவேலை.

இன்னொன்று. குரோஷிய மொழியில் ‘நான் இருந்தேன்’ என்று ஆண் சொன்னால் ‘பியோ சாம்’, பெண் சொன்னால் ‘பிலா சாம்’. அங்கே ‘நான்’ என்று கடந்தகாலத்தைச் சொல்லத் தொடங்கும் பெண் வினைச்சொல்லிலேயே பிடிபட்டுவிடுவாள். நம் ‘இருந்தேன்’ ஆளைக் காட்டிக்கொடுக்காது.

நூலகத்தூசி:
இருவருக்கும் நன்றி. மறுவாசிப்பு, நான் ஐயா அல்ல, அம்மா! கரைமணல் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பேச்சின் தொடக்கம் கிடைத்துவிட்டது: ரோலண்டின் வயிற்றுப் பட்டியலையும் அந்த வார இதழின் அட்டவணையையும் அடுத்தடுத்து வைத்துப் பேசப்போகிறேன். அம்மாவின் நாட்குறிப்புப் பகுதி மட்டும் இரண்டாம் முறையும் என்னைக் கொட்டாவி விடவைத்தது. அதையும் மறைக்காமல் சொல்வேன். டைரி நண்பர் மகிழ்ந்துவிட்டுப் போகட்டும்.