கேட் ராபர்ட்ஸ்: எந்த நூலில் தொடங்குவது?

செங்காந்தள் (கேள்வி):
வேல்ஷ் மொழி நாவலாசிரியர் கேட் ராபர்ட்ஸின் 'ட்ரைட் மெவ்ன் கஃபியோன்' (1936) நாவலை ஆங்கில வழியாக வாசிக்கிறேன். தலைப்புக்கு 'விலங்கிட்ட கால்கள்' என்று பொருள். சில இடங்களில் தட்டுகிறது. குடும்பத் தலைவன் இஃபான் ஸ்லேட் (கூரை ஓடு செய்யும் பலகைக்கல்) குவாரியில் ஓயாமல் உழைக்கிறான், பசுவும் துண்டு நிலமும் இருக்கின்றன. பிறகு ஏன் கடன் தீரவே மாட்டேன் என்கிறது? பெயர்களை எப்படி உச்சரிப்பது? இதற்கு முன் வேறு நூல் படித்திருக்க வேண்டுமா?

மலைச்சரிவு:
கடனுக்குக் காரணம் கூலி முறை. வட வேல்ஸ் குவாரிகளில் அந்தக் காலத்தில் 'பார்கென்' என்றொரு குத்தகை இருந்தது. பாறைமுகத்தில் சுமார் 6 கஜ அகலத்தை 3, 4 பேர் சேர்ந்த குழுவுக்கு ஒதுக்குவார்கள். சிலர் பாறையை உடைப்பார்கள், மற்றவர்கள் கொட்டகையில் அதைப் பிளந்து ஓடாகச் சீவுவார்கள். மாதம் ஒருமுறை மேலாள் பாறையைப் பார்த்து விலை பேசுவார். பாறை நன்றாக இருந்தால் விலையை இறக்கிவிடுவார். அதனால் நல்ல பாறை வாய்த்தாலும் கையில் பெரிதாக மிஞ்சாது. வெடிமருந்து, கயிறு, உளி தீட்டும் செலவெல்லாம் குழுவின் கணக்கில் பிடித்தம். கல் நேராகப் பிளக்காவிட்டால் மாதம் முழுக்கக் கழிவை அள்ளியதுதான் மிச்சம்.

பசுவும் நிலமும் பால், வெண்ணெய், கிழங்குக்கு உதவும். கடைப் பாக்கியை அடைக்கும் அளவுக்குக் காசு வராது.

ஒலிப்பெட்டி:
உச்சரிப்பில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி. வேல்ஷில் இரட்டை 'டி' (dd) எழுத்து, நாம் 'அது' என்னும்போது வரும் மெல்லிய 'த' ஒலிதான். ஒற்றை 'எஃப்' என்றால் 'வ', இரட்டை என்றால்தான் 'ஃப'. 'டபிள்யூ' பல இடங்களில் உயிரெழுத்து, ஆகவே நாவலில் வரும் மகன் Twm-இன் பெயர் 'டும்'. இரட்டை 'எல்' மட்டும் நம்மிடம் இல்லை. 'ல' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதுங்கள். அழுத்தம் பொதுவாகக் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்.

இன்னொன்று: வேல்ஷில் 'நீ', 'நீங்கள்' வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் அது அப்படியே கரைந்துபோகிறது. உரையாடலின் கார்னார்வன் வட்டார வழக்கும் மொழிபெயர்ப்பில் நிற்பதில்லை.

கல்லும் மண்ணும்:
எனக்குக் கேட்டால் முதலில் 'டே அன் அ க்ரிக்' (1959). பெகு என்ற சிறுமியைச் சுற்றிய 8 கதைகள், முதல் கதையில் அவளுக்கு 4 வயதுதான். அடுத்து இந்த நாவல். பிறகு தன்வரலாறான 'அ லோன் வென்' (1960). கேட் 1891இல் ரோஸ்கட்வன் ஊரில் குவாரித் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர், 1985இல் மறைந்தார். நாவலின் உலகம் அவர் வளர்ந்த வீடேதான்.

முதல் உலகப் போரில் காயம்பட்ட அவருடைய தம்பி டேவிட் 1917இல் மால்டாவில் இறந்தான். அந்தத் துயரமே அவரை எழுத வைத்தது. நாவலில் டும் இறந்த செய்தி வரும் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். தாய் ஜேனின் கையில் அரசாங்கக் காகிதம், முழுக்க அவளுக்குத் தெரியாத ஆங்கிலம். மகன் பெயரும் ராணுவ எண்ணும் மட்டும் அவளுக்குப் பிடிபடுகின்றன. அதை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போகிறாள், அவர் படித்துச் சொல்லித்தான் தெரிகிறது.