‘பங்க்கம்’ என்ற ஆங்கிலச் சொல் எப்படி வந்தது?

கேள்வி:
ஒரு அரசியல் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு தலைவரின் பேச்சை ‘பங்க்கம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அகராதியில் ‘வெற்றுப் பேச்சு’ என்று மட்டும் இருக்கிறது. ஏதோ ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்கிறார் நண்பர், உண்மையா? கிளாஸை பங்க் அடிப்பது என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்:
உண்மைதான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பங்க்கம் என்று ஒரு கவுண்டி இருக்கிறது, ஆஷ்வில் நகரம் அங்கேதான். 1820 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையில் மிசௌரியை மாநிலமாகச் சேர்ப்பது பற்றி, அதாவது அங்கே அடிமை முறையை விடலாமா கூடாதா என்று, நீண்ட விவாதம் நடந்து எல்லோரும் ஓட்டெடுப்புக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பகுதி உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் பேச எழுந்தார். உட்காரச் சொல்லிச் சக உறுப்பினர்கள் கூச்சல் போட்டும் விடவில்லை, பங்க்கத்துக்காகப் பேசியே ஆக வேண்டும் என்றாராம். சபையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரி, ஊரில் ஓட்டுப் போட்டவர்கள் காதுக்குப் போனால் போதும்! மனிதர்களை விலைக்கு விற்கலாமா என்ற கேள்வி முன்னால் நிற்கும்போது இப்படி ஒரு பேச்சு. அப்புறம் அந்த ரகப் பேச்சுக்கே ஊர்ப் பெயர் நின்றுவிட்டது, ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டும் மாறியது.

பதில்:
கிளாஸ் பங்க் வேறு சொல், அகராதிகளில் தனியாகவே இருக்கும். ஆனால் பங்க்கமும் பங்க் என்று சுருங்கியது. 1916-ல் ஹென்றி ஃபோர்டு வரலாறே ஏறக்குறைய பங்க்தான் என்று பத்திரிகைப் பேட்டியில் சொன்னது இந்த பங்க். 1923-ல் வில்லியம் வுட்வர்டு தன் நாவலில் ‘டிபங்க்’ என்பதை உருவாக்கினார். வாட்ஸப் வதந்தியை உடைக்கும் செய்திகளில் இன்று அடிக்கடி பார்க்கிறோமே, அதேதான்.

பதில்:
எனக்கு வருத்தம் எட்வர்டு பங்க்கம் மேல்தான். கவுண்டிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். விடுதலைப் போரில் 1777-ல் ஜெர்மன்டவுனில் காயம்பட்டு, பிரிட்டிஷாரிடம் கைதியாகி, அடுத்த வருடம் இறந்துபோன படை அதிகாரி. அவர் பெயர் இப்படியா நிலைக்க வேண்டும்?

பதில்:
மொழிபெயர்ப்பில் ‘பொய்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வாக்கர் பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை, ஒப்புக்குப் பேசினார் என்பதுதான் குற்றச்சாட்டு. உங்கள் கட்டுரைத் தலைவர் வாக்குறுதிகளை அள்ளி வீசுபவர் என்றால் ‘வாய்ப்பந்தல் போடுகிறார்’ என்றே எழுதலாம், அடிக்குறிப்பு தேவையில்லை.