கார்ட் யார் கையில் இருக்கிறது?

விசுவமடுப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு மகன் கனடாவிலிருந்து மாதாமாதம் வங்கிக்குக் காசு அனுப்புகிறார், முதியோர் கொடுப்பனவும் வருகிறது, அப்படியிருந்தும் மனிசி பிரஷர் குளிசை வாங்க என் அம்மாவிடம் கைமாற்றுக் கேட்டு வந்தார். விசாரித்தால், ஏ.டி.எம். கார்ட் பெறாமகனிடம், இரகசிய இலக்கமும் அவனுக்குத்தான் தெரியும், வங்கி எஸ்.எம்.எஸ். போவதும் அவனுடைய போனுக்கு.

"அவன் எடுத்துத் தருவான் பிள்ளை, விடு" என்றார் ஆச்சி. தருவது எவ்வளவு என்று கேட்டதும் அழுதுவிட்டார். அவனைப் பகைத்தால் இரவில் வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? போரில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் காசு எடுத்தான், கேள்வி கேட்டால் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவேன் என்றும் வெருட்டியிருக்கிறான். இதைக் களவு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆச்சி சம்மதித்த பிறகு வங்கிக்குக் கூட்டிப்போய்ப் பழைய கார்டை நிறுத்தி, போன் இலக்கத்தையும் மாற்றினோம். அவன் வந்து படலையில் நின்று கத்தினான், சரி, கத்தட்டும்.

காணி விஷயம் இதைவிடக் கஷ்டம். மாங்குளத்தில் எனக்குத் தெரிந்த ஐயா ஒருவர் மகளுக்கு நன்கொடை உறுதி முடித்துக் கொடுத்துவிட்டு இப்போது பின் கொட்டிலில் படுக்கிறார். சாகும்வரை தானே அனுபவிக்கும் சீவிய உரித்தையாவது வைத்து எழுதியிருக்கலாம், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாற்றமுடியாத நன்கொடை என்று எழுதினால், பிள்ளை நன்றி கெட்டு நடந்தாலும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போய்த்தான் ரத்துச் செய்யலாம். எங்கள் பக்கம் பெரும்பாலும் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணிதானே, அதில் பின்னுரித்துக்கு, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று, போட்ட பெயரை உயிரோடிருக்கும்போதே மாற்றலாம். அதனால் பிள்ளைகள் அவசரப்படுத்தினாலும் ஆறுதலாக யோசித்துச் செய்யுங்கள்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, 60 வயது தாண்டிய பெற்றோர் தங்களைப் பார்க்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு முதியோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் முதலில் கதையுங்கள். ஐயாவிடம் இதைச் சொன்னேன், "சொந்தப் பிள்ளையில் வழக்கோ" என்று மறுத்துவிட்டார். நான் விடப் போவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களே, அனுப்பினேன் என்பதோடு நிற்காதீர்கள். அம்மாவோடு தனியாகக் கதையுங்கள், பக்கத்தில் யாராவது நின்றால் பிறகு திரும்ப எடுங்கள், பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.