இசிஜி நார்மல்தான், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது

போன ஆடி மாதம் அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு பஸ்ஸில் நின்றபடி போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு முட்டியது. உள்ளங்கை வியர்த்து, உதடு மரத்து, விரல்கள் இழுத்துக்கொண்டன, விரிக்கவே முடியவில்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பக்கத்து சீட் அம்மா, "வாய்வா இருக்கும் கண்ணு, ஒரு சோடா குடி" என்றார்.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். இசிஜி, ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் சரி. "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். விரல் இழுத்ததை என் கண்ணால் பார்த்தேனே, அது எப்படி ஒன்றுமில்லாமல் போகும்? அடுத்த ஒரே மாதத்தில் இன்னும் இரண்டு இசிஜி எடுத்தேன்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் உட்காரவைத்து, இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பதற்றம் என்று விளக்கினார். பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, நாமும் வேகவேகமாக மூச்சு வாங்குகிறோம். அதில் ரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்துபோகிறது. உதடு மரப்பது, விரல் இழுப்பது, தலை சுற்றுவது எல்லாம் அதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றினாலும் உண்மையில் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கிவிடுமாம். இதைக் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது.

இப்போது வந்தால் 4 எண்ணும்வரை மூக்கால் மெதுவாக இழுத்து, 6 எண்ணும்வரை விடுகிறேன். ஆனால் மூச்சுப் பயிற்சியைவிடக் கஷ்டமாக இருந்தது பஸ் ஏறுவதுதான். இரண்டு மாதம் பஸ்ஸையே தவிர்த்தேன்; கடைசியில் வண்டியில் போகவும் பயம் வந்துவிட்டது. மனநல ஆலோசகர் சொன்னபடி முதலில் ஒரு ஸ்டாப், அடுத்த வாரம் இரண்டு ஸ்டாப் என்று ஏறி இறங்கினேன். படபடப்பு வந்தாலும் நடுவில் இறங்கக்கூடாது, அது அடங்கும்வரை இருக்கவேண்டும் என்பார். இப்போது திருப்பூர்வரை போகிறேன். உங்களுக்கு எப்படி இருந்தது?

திருநெல்வேலியிலிருந்து:

தம்பி, எனக்கு ராத்திரி 2 மணிக்குத் தூக்கத்திலிருந்தே எழுப்பிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிப்பேன். அதை ஒன்றாகக் குறைத்ததும் படபடப்பு நன்றாகவே குறைந்தது. மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை, ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சரியாகிவிட்டதே என்று மூன்றாம் மாதம் நானாக நிறுத்தினேன். தலை சுற்றி, பழையபடி எல்லாம் திரும்பிவிட்டது. அந்தத் தப்பை யாரும் செய்யாதீர்கள். வீட்டில் சொல்ல முடியாமல் தவித்த ஒரு ராத்திரி 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசினார்கள்.

மதுரையிலிருந்து:

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். என் அப்பாவுக்கு 58 வயதில் நெஞ்சு இறுக்கமாக இருந்தபோது, டென்ஷன்தான் என்று வீட்டிலேயே படுக்கவைத்துவிட்டோம். அது மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. முதல் தடவையாக இப்படி நெஞ்சில் தொந்தரவு வருகிறவர்கள், வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறவர்கள், தயவுசெய்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பதற்றம்தானா என்று டாக்டர் சொல்லட்டும்.

முதலில் எழுதியவர்:

அண்ணா சொல்வது ரொம்பச் சரி. எனக்கும் முதலில் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் சொன்னார்கள். அக்கா, காபி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளையிலிருந்து குறைக்கிறேன். மாத்திரையை உங்களுக்கு எத்தனை மாதத்தில், எப்படிக் குறைத்தார்கள் என்று முடிந்தால் எழுதுங்கள்.