நாட்சம்பளம் 1,750 சரி, மாதத்துக்கு எத்தனை பேர் விழுகிறது?

டிக்கோயாக்காரி:

இலங்கையின் 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்கி, அதற்கு மேல் அரசாங்கமே 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகை தருவதாக அறிவித்தார்கள். கூட்டினால் 1,750. அன்றிலிருந்து கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்கள்கூட, "இனி உங்கள் ஆட்களுக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவுக்கு மாதம் 25 பேர், அதாவது 25 முழுநாள் வேலை, விழுந்தால் 38,750. சேமலாப நிதிக்கு (ஓய்வுகாலச் சேமிப்பு) 8 வீதம் கழித்து ஊக்கத்தொகை 5,000 சேர்த்தால் 40,650. அதே அக்காவுக்குத் தோட்டம் 18 நாள்தான் வேலை கொடுத்தது, 18 பேர்தான் விழுந்தது என்றால் 29,268. நாட்சம்பளத்தில் ஒரு சதம் குறையவில்லை, ஆனால் பதினோராயிரத்துச் சொச்சம் காணவில்லை. (தோட்டப் பழக்கம் தெரியாதவர்களுக்கு: முழுநாள் வேலை பதிவானால் ஒரு பேர். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அல்லது பறித்த கிலோவுக்கு மட்டும் காசு.)

இதற்குப் பிறகுதான் வெட்டுகளே தொடங்கும். அம்மாவின் சம்பளச் சிட்டையில் தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கோயில், மரண உதவி, தேயிலைத் தூள், வங்கிக் கடன் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். முற்பணம் கட்டி முடியும்போது அடுத்த தீபாவளி வந்துவிடும்.

2019இல் அரசாங்கமே எடுத்த கணக்கில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு அது. கோதுமை மாவை நம்பி அடுப்பு மூட்டும் வீடுகளில் 2022க்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் போராட்டம் என்றாலே ஒரு நாளின் விலையைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை நாள் என்று கேட்க ஆள் இல்லையே, ஏன்?

மலைக்கணக்கு:

நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். கம்பனிக்காரன் பேச்சு என்பீர்கள், பரவாயில்லை.

வேலை கொடுக்கவில்லை என்பது பாதிக் கதை. காலையில் பெரட்டுக்கு (ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்) நான் நிற்கிறேன், பதிவில் இருக்கும் ஆட்களில் பாதிப்பேர் வருவதில்லை. ஒருவர் மரக்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே லீக்ஸ் பிடுங்க, கரட் கழுவ அன்றைக்கே கையில் காசு, நடுவில் தேத்தண்ணி. இன்னொருவர் டவுனில் வீட்டு வேலை. பங்குனி, சித்திரை மழைக்குக் கொழுந்து கொப்புளித்துக்கொண்டு வரும்போது எனக்கு ஆள் பற்றாது. தை, மாசியில் பனி கருக்கிவிட்டால் பறிக்கக் கொழுந்து இருக்காது. வருடம் முழுக்க 25 நாள் கொடு என்றால் அந்தக் காய்ந்த மாதத்தில் எதைப் பறிக்கச் சொல்வது?

அப்புறம் 2021. இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தினார்கள். அந்த வருடம் சுமார் 30 கோடி கிலோ இருந்த நாட்டின் தேயிலை, அடுத்த வருடம் 25 கோடிச் சொச்சத்துக்கு இறங்கியது. உரம் திரும்ப வந்தபோது வாங்க முடியாத விலை. ஒரு தடவை பட்டினி கிடந்த செடி, உரம் போட்ட மறுமாதமே எழுந்து நிற்காது.

நாட்சம்பள முறைக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்பதே என் கருத்து. குடும்பத்துக்கு இத்தனை செடி என்று மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குவதுதான் வழி. பறிக்கிறவர் கெட்டிக்காரர் என்றால் 1,750ஐத் தாண்டிப் போகலாம்.

லிந்துலை வாசி:

இரண்டு பேருமே தேயிலைக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) என் வயசுப் பையன் ஒருத்தன்கூட மலையில் இல்லை. நான் புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கிறேன், சாப்பாடும் படுக்கையும் முதலாளி பொறுப்பு. தங்கச்சி ஆடைத் தொழிற்சாலை. பெரியம்மா மகள் குவைத்தில். வீட்டுக்குப் போகும் காசில் அம்மாவின் சிட்டை எத்தனையாவது இடம் என்று கேட்டுப்பாருங்கள். சம்பளம் 1,750 ஆனாலும் 2,750 ஆனாலும் நான் கூடை தூக்கப் போவதில்லை.

பழைய சந்தாக்காரர்:

தம்பி, நீங்கள் போனதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் கடைப்பையனுக்குச் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று உங்கள் முதலாளியிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

டிக்கோயா மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாட்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது சரியில்லை. சங்கங்களும் கம்பனிகளும் செய்த கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் வருடத்துக்கு 300 நாள் வேலை என்பது எழுத்தில் இருந்தது. 2016 ஒப்பந்தத்தில் அடிப்படை 500, மொத்தம் 730. அதில் 60 ரூபாய் வருகைக்கு, 140 உற்பத்திக்கு, மீதி 30 தேயிலை விலைப் பங்கு. 2019இல் வருகை, உற்பத்தி இரண்டையும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கி, விலைப் பங்கை 50 ஆக்கினார்கள். 2021இல் ஆயிரம் ரூபாய் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் ஒப்பந்தத்தை விட்டே விலகின. ஆயிரம் வந்தது என்று பட்டாசு கொளுத்தினோம். ஒப்பந்தம் போனதோடு வேலை நாளுக்கும் கிலோவுக்கும் இருந்த பிடி போயிற்று என்பதை அந்தச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. வர்த்தமானி ரூபாயைச் சொல்லும். எந்த மலையில் எத்தனை கிலோ பறித்தால் ஒரு பேர் என்பதை அது சொல்லாது.

1940இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் குண்டுக்கு விழுந்ததும் சம்பளப் போராட்டத்தில்தான். பதினாறு சதம் கூட்டிக் கேட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் தொகையைக் கேட்டே பழகிவிட்டோம். சங்கங்களுக்கும் அது வசதி, மேடையில் ஒரு எண்ணைச் சொன்னால் கைதட்டு விழும்.

டிக்கோயாக்காரி:

ஐயா சொன்ன கிலோ விஷயம்தான் எனக்கும் எரிகிறது. மலைக்கணக்கு அண்ணன் ஆள் வரவில்லை என்கிறார். வந்தவர்களுக்கு என்ன ஆகிறது?

அம்மா வேலை செய்யும் பிரிவில் வீ.பி. தேயிலை (தண்டு வெட்டி நட்ட புது ரகம்) மலையும் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை மலையும் இருக்கிறது. வீ.பி. மலையில் நெஞ்சு உயரத்தில் தட்டுப் போட்ட மாதிரி கொழுந்து நிற்கும், மத்தியானத்துக்குள் 18 கிலோ வரும். விதைத் தேயிலை மலையில் செடிக்கும் செடிக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மானாப்புல். புல்லை விலக்கி, அட்டையைப் பிய்த்துப்போட்டுக்கொண்டு, எங்கே குளவிக்கூடு இருக்குமோ என்று கையை நீட்ட வேண்டும். அங்கேயும் அதே 18 கிலோ கேட்கிறார்கள். சாயங்காலம் நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். 17இல் நின்றால் முழுப்பேர் இல்லை. இரண்டு நாள் இப்படி நடந்தால் மூன்றாம் நாள் மரக்கறித் தோட்டத்துக்குப் போகாமல் என்ன செய்வாள்? நீங்கள் அதை "வருகை குறைவு" என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

யாழ்ப்பாண வாசகன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கஷ்டம் என்றால் அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணம் கிடைக்காதா?

பழைய சந்தாக்காரர்:

சில வீடுகளுக்குக் கிடைக்கிறது தம்பி, கடைக்கணக்கை அடைக்க உதவும். ஆனால் நாங்கள் பேசுவது வேலைக்குப் போகிறவளின் வறுமை. காலையில் மலை ஏறி சாயங்காலம் இறங்குகிறவளுக்கு நிவாரணம் தேவைப்படுகிறது என்றால் கோளாறு சம்பளத்தில்தான் இருக்கிறது.

பசறைப் பையன்:

மலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையைப் பற்றி அதில் இருக்கிறவன் சொல்கிறேன். எங்கள் குடும்பத்துக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

நல்லது முதலில். பெரட்டு இல்லை, விரட்டு இல்லை. அம்மா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் போகிறார். நான் லீவுக்கு வந்தால் கவ்வாத்து வெட்டுகிறேன், அப்பா ஓரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். எங்கள் செடி என்ற நினைப்பில் புல் எடுக்கிறோம். தோட்டத்து மலைக்கும் எங்கள் துண்டுக்கும் பச்சையிலேயே வித்தியாசம் தெரியும்.

இனி மற்றது. உரமும் மருந்தும் அவர்கள் கொடுத்துக் கொழுந்துக் காசில் கழிப்பார்கள், என்ன விலைக்குக் கழித்தார்கள் என்பது மாதக் கடைசியில்தான் தெரியும். கொழுந்தை வேறு தொழிற்சாலைக்குக் கொடுக்க முடியாது. கிலோ விலையும் அவர்கள் சொல்வதுதான். மழைக்காலத்தில் நாட்சம்பளக்காரர்களை விட எங்களுக்கு நன்றாகவே வந்தது. காய்ந்த இரண்டு மாதம் உரக் கடன்தான் மிச்சம். சேமலாப நிதி பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். அம்மா ஓய்வுக்குப் போகும்போது கையில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

மலைக்கணக்கு:

பசறைத் தம்பி சொன்னதில் முதல் பாதிதான் முக்கியம். செடி பச்சையாக இருக்கிறது என்கிறார், பாருங்கள். கழிப்பு, விலை எல்லாம் பேசித் திருத்தலாம். நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு இன்றைக்குச் சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்துக்கொண்டு குடும்பமாகப் பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அவர்களால் முடியும் என்றால் நம் ஆட்களால் ஏன் முடியாது? நூறு வருடமாகத் தேயிலையோடு பிறந்து வளர்ந்தவர்கள் நாம்.

டிக்கோயாக்காரி:

அண்ணே, காலிக்காரருக்குக் காணி சொந்தம். உறுதியைக் கொண்டுபோய் வங்கியில் வைத்துக் கடன் எடுப்பார். ஒரு தொழிற்சாலை விலையைக் குறைத்தால் அடுத்த லொறிக்குக் கொழுந்தைப் போடுவார். இங்கே செடியைத்தான் தருகிறீர்கள், மண்ணைத் தரவில்லை. மழை வராத நட்டத்தை மட்டும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு, சிறுதோட்டக்காரர் ஆகிவிட்டாய் என்றால் எப்படி?

மண்ணைக் கொடுக்கும் அதிகாரம் கம்பனிக்கே இல்லை என்பது வேறு கதை. நிலம் அரசாங்கத்துடையது, கம்பனிகள் கையில் இருப்பது 2045 வரைக்கும் குத்தகை. இப்போது மலையைப் பிடுங்கிப் புதுச் செடி நட்டால் காசைத் திருப்பி எடுக்கவே வருடக் கணக்கு ஆகும். குத்தகை முடிகிற நேரத்தில் எவன் நடுவான்? அம்மா பறிக்கிற அந்தக் கிழட்டுச் செடி அங்கேயே நிற்பதற்கு 2021 உரத் தடை மட்டும் காரணமில்லை.

லிந்துலை வாசி:

காணிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வீடு கட்ட 7 பேர்ச் காணி, அதற்கே எத்தனை வருடம் வாய் பார்த்தோம். இந்திய வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தவர்கள் லயத்தை விட்டு இறங்கிவிட்டார்கள், மற்றவர்கள் இன்னும் தகரத்துக்கு மேல் கல் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இதில் தேயிலைக் காணியையும் தருவார்கள் என்று காத்திருந்தால் எனக்கு நரை வந்துவிடும். அதனால்தான் போய்விட்டோம். பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போவது நியாயம்தானே அக்கா?

டிக்கோயாக்காரி:

நியாயம்தான் தம்பி. நானும் போனவள்தானே. ஆனால் உங்கள் வீட்டில் இன்னும் யார் பேரில் லயக் காம்பரா இருக்கிறது? உங்கள் அம்மா மலைக்குப் போகிற வரைக்கும்தானே அந்தக் கூரையை யாரும் கேட்காமல் இருக்கிறார்கள்? நீங்களும் நானும் கொழும்பில் தைரியமாக இருப்பது அந்தக் காம்பராவை நம்பித்தான். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தியாவது கூடை தூக்கியாக வேண்டும், அவள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவள். வெளியே போனவன் காசு அனுப்புகிறான் என்பதற்காக அவளுடைய நாள் எத்தனை என்று கேட்காமல் இருக்க முடியாது.

லிந்துலை வாசி:

அம்மாவுக்கு 54. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாட்கணக்கைக் கூட்டிக் கொடுத்தால் அவளை இன்னும் ஏழு நாள் மலை ஏற்றுகிறீர்கள், அவ்வளவுதான். அதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

பழைய சந்தாக்காரர்:

மலைக்கணக்குத் தம்பியிடம் ஒரே கேள்வி. ஆள் வரவில்லை என்கிறீர்கள், மகள் வேலை தரவில்லை என்கிறார். சம்பளச் சிட்டையில் இன்றைக்கு வேலை செய்த நாள் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்திலேயே "வேலை கொடுத்த நாள்" என்று இன்னொரு கட்டம் அச்சடித்தால் என்ன? 25 கொடுத்து 18 வந்தாள் என்றால் நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். கொடுத்ததே 18 என்றால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அரசாங்கமும் வருகைக்கு 200 ரூபாய் கொடுக்கிறது. வேலை கொடுக்காத நாளில் எப்படி வருவது? மக்கள் வரிப்பணம் போகிற இடத்தில் அந்தக் கணக்கைக் கேட்க உரிமை இருக்கிறது.

மலைக்கணக்கு:

எனக்கு ஆட்சேபனை இல்லை, பெரட்டுப் புத்தகத்தில் அந்தக் கணக்கு எப்படியும் இருக்கிறது. ஆனால் அச்சடிப்பதாக இருந்தால் அன்றன்றைக்குப் பறித்த கிலோவும் பக்கத்தில் வரவேண்டும். எட்டுக் கிலோவோடு பத்து மணிக்கு இறங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை.

டிக்கோயாக்காரி:

கிலோ வரட்டும். எந்த மலை, எந்தச் செடி, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்பதும் சேர்ந்து வரட்டும். அப்படி ஒரு சிட்டை உங்கள் தோட்டத்தில் எந்த மாதத்திலிருந்து கிடைக்கும் என்று தோட்டத்து மேலாளர் துரையிடம் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே.