கேஸ் இருக்கிறது, தீ வரவில்லை: சிலிண்டரில் பனி கட்டுவது ஏன்?

கேள்வி
வணக்கம். சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். மார்கழியில் குன்னூரில் ஐயப்ப பூஜை அன்னதானம். விடியற்காலையில் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்றில் இரண்டு பெரிய அடுப்பை மாட்டிப் பற்றவைத்தோம். முதலில் நீலமாக நன்றாக எரிந்தது. அப்புறம் தீ இறங்கிக்கொண்டே வந்தது, அண்டா கொதிக்கவே இல்லை. பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி. அசைத்தால் உள்ளே தளும்புகிறது. வேறு சிலிண்டர் மாற்றித்தான் சமாளித்தோம். மதியம் அதே பழைய சிலிண்டரை மாட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எரிகிறது! ஏஜென்சியில் தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டார்களோ என்று மாஸ்டர் சந்தேகப்படுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1
ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ட்யூப் மடங்கியிருந்தாலும் இப்படி ஆகும்.

பதில் 2
ட்யூப் மடங்கினால் சிலிண்டரில் பனி கட்டாது. தண்ணீரும் கலக்கவில்லை, ஏஜென்சியை விட்டுவிடுங்கள். வெளியே இருக்கும் பனி, காற்றிலுள்ள ஈரம் சில்லென்ற இரும்பில் படிந்து உறைந்தது.

உள்ளே தளும்புவது அழுத்தத்தில் திரவமாக இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும். அடுப்புக்குத் திரவம் வருவதில்லை. அது உள்ளேயே கொதித்து, மேலே நிற்கும் வாயுதான் வருகிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? சிலிண்டர் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான். ஒரு கிலோ ஆவியாக ஏறக்குறைய 370 கிலோஜூல் தேவை. உங்கள் இரண்டு அடுப்பும் மணிக்கு 3 கிலோ குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 300 வாட் ஹீட்டர் ஒன்று ஓயாமல் சூடேற்றுவதற்குச் சமம். மார்கழி விடியலில் குன்னூர்க் காற்று அவ்வளவு கொடுக்காது. பற்றாத வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லிடுவதும் இதேதான். திரவம் குளிர்ந்தால் உள்ளழுத்தம் குறையும், தீயும் இறங்கும். மதியம் வரை சும்மா கிடந்ததில் வெப்பம் திரும்ப ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

பனி எந்த உயரம் வரை கட்டியிருந்ததோ ஏறக்குறைய அதுவரைதான் திரவம் இருந்திருக்கும். மட்டம் இறங்க இறங்க வெப்பம் வாங்கும் பரப்பும் சுருங்குவதால், பாதி தீர்ந்த சிலிண்டர் சீக்கிரம் மக்கர் பண்ணும்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். ஆனால் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரில் இப்படிப் பார்த்ததே இல்லையே?

பதில் 2
வீட்டு பர்னர் சின்னது. அது கேட்கும் வெப்பத்தைக் காற்றே கொடுத்துவிடும்.

இன்னொன்று. புரொப்பேன் −42 டிகிரியிலேயே கொதிக்கும். சாதா பியூட்டேனுக்கு −0.5. புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறுவதால் கடைசியில் பியூட்டேன்தான் அதிகம் தங்கும். அது பூஜ்ஜியத்தை நெருங்கினால் வெளிக்காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் அழுத்தமே இருக்காது.

பதில் 3
நாங்கள் சிலிண்டரைப் படுக்கப்போட்டு ஓட்டுவோம் அண்ணா. தீ சும்மா பிய்த்துக்கொண்டு வரும். இல்லையென்றால் அடியில் கொதிக்கிற தண்ணீர் வைக்கலாம்.

பதில் 4
தம்பி, தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். படுக்கப்போட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். வெளியே வந்து ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். தீ பிய்த்துக்கொண்டு வருவது அதனால்தான். கொதிநீரும் கூடாது, அடியில் தணல் வைப்பதும் கூடாது. திரவம் சூட்டில் விரிவதற்கென்றுதான் நிரப்பும்போதே மேலே இடம் விடுகிறார்கள். அந்த இடமும் நிறைந்துவிட்டால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

சரியான வழி, மேனிஃபோல்டு போட்டு இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து ஓட்டுவது. ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சமாக எடுத்தால் எதுவும் உறையாது. அதை ஏஜென்சி ஆளை வைத்தே மாட்டுங்கள். பெரிய ஓட்டல்களில் திரவத்தையே எடுத்து வேப்பரைசரில் சூடாக்கி வாயுவாக்குவார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

அப்புறம், பனி உடம்பில் இல்லாமல் வால்வு, ஜாயின்ட் பக்கம் மட்டும் திட்டாக இருந்தால் அது வேறு கதை. கசிவாக இருக்கலாம். உடனே வால்வை மூடிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
பனி உடம்பில் மட்டும்தான், வாசனையும் இல்லை. அடுத்த மலை ஆர்டருக்கு மேனிஃபோல்டு சொல்லிவிடுகிறேன். ஆனால் புது சிலிண்டர் மாற்றிய பிறகும் சாதம் வேக வழக்கத்தைவிட நேரம் ஆனதே, அதுவும் இதனாலா?

பதில் 2
இல்லை, அது உயரத்தால். குன்னூர் சுமார் 1850 மீட்டர். அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் ஆவிதான் அதிகமாகும், சூடு ஏறாது. அரிசியை முன்னாடியே ஊறப்போட்டு, அண்டாவை இறுக்கி மூடுங்கள்.